காற்றில் வரும் நோயும் கையில் போடும் ஊசியும்
(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் எழுந்தால், படிப்பைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் இன்று எடுத்துக் கொண்டிருப்பது வேறொரு பொருள். தடுப்பூசி போடும் இடத்தில், காற்றின் வழியே பரவும் நோயிலிருந்து ஊசி போடுபவரையும் போட்டுக் கொள்பவரையும் காப்பது எப்படி என்பதே அது. நான் மருத்துவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்த வாத்தியார். ஆனால் 2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசி முகாம் நான் பணியாற்றிய பள்ளியில் நடந்தபோது, மேசை நாற்காலி போட்டவன் என்ற முறையில் நான் கண்டதும் கற்றதும் சில உண்டு. அவற்றை நம் இளைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். ஏனெனில், இனி வரும் முகாம்களில் நாற்காலி போடப் போகிறவர்கள் நீங்கள்தாம்.

முதலில் ஒரு பழைய செய்தியைச் சொல்லித் தொடங்குகிறேன். 1929ஆம் ஆண்டு டிசம்பரில், காந்தியடிகள் நடத்திய யங் இந்தியா இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் எழுதி வைத்த தம் நினைவுக் குறிப்புகளில் அதனை எடுத்துக் காட்டியிருக்கிறார். கடிதத்தை எழுதியவர் இன்றைய குஜராத்தைச் சேர்ந்த கத்தியவாரில், தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவி பிள்ளை பெற்ற சில நாள்களில் நோயில் விழுந்தார், மூச்சுத் திணறியது. மருத்துவரை அழைத்தார் ஆசிரியர். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் மருத்துவர். ஊர்ப் பெரியவர்களைக் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு அவர்களில் ஒருவர் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டு வந்தால் பார்ப்பதாக இசைந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு அந்தத் தாய் வெளியே கொண்டு வரப்பட்டார். மருத்துவர் வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார். அவர் அதை ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியாக அது திரும்பிப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நுரையீரல் அழற்சி என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தத் தாய் பிழைக்கவில்லை.

அன்பர்களே, அங்கேயும் ஒரு தடுப்பு இருந்தது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் இரண்டு மனிதர்களே தடுப்பாக நின்றார்கள். அந்தத் தடுப்பு எந்தக் கிருமியை நிறுத்தியது? ஒரு கிருமியையும் நிறுத்தவில்லை. நோயாளியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்க வேண்டிய ஒரு மருத்துவரை மட்டுமே அது நிறுத்தியது. சாதித் தடுப்பும் நோய்த் தடுப்பும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றலாம். ஒன்று மனிதனை விலக்குவது. மற்றொன்று கிருமியை விலக்கி மனிதனை நெருங்க விடுவது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

தடுப்பூசி என்பது தொடாமல் செய்ய முடியாத பணி. கொரோனா ஊசியைத் தோளுக்குச் சற்றுக் கீழே உள்ள தசையில் போட வேண்டும். செவிலியர் கையைப் பிடிக்க வேண்டும். இடத்தைப் பார்க்க வேண்டும். ஊசியைச் செலுத்திப் பஞ்சை வைத்து அழுத்த வேண்டும். ஆறடி தள்ளி நின்று ஊசி போட எவராலும் இயலாது. ஒரு நாளில் நூறு பேர் வந்தால், நூறு பேருடைய மூச்சு செவிலியரின் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் வந்து போகிறது. அவர்களில் எவருக்கு நோய் உண்டு என்பது எவருக்கும் தெரியாது. செவிலியருக்கே நோய் இருந்தால், அடுத்து வரும் நூறு பேருக்கும் அது ஆபத்து. ஆகவே இருபுறமும் காப்புத் தேவைப்படுகிறது.

நோய் எவ்வாறு பரவுகிறது? இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். ஆனால் பேசும்போதும், வெறுமனே மூச்சு விடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளும் வெளிவருகின்றன. அவை உடனே விழுவதில்லை. புகையைப் போல மிதக்கின்றன. அடுப்படியில் மிளகாய் தாளித்தால் திண்ணையில் இருப்பவர் இருமுகிறார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் உயிரோடு இருக்கக் கூடும். கொரோனாவும் இவ்வாறு காற்றில் மிதந்து பரவுகிறது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கூட்டாக வலியுறுத்த வேண்டியிருந்தது. அதுவரை கை கழுவுவதற்கும் மேசை துடைப்பதற்கும் கொடுத்த கவனத்தை, உலகம் ஜன்னலுக்குக் கொடுக்கவில்லை.

காற்றின் வல்லமையை அறிய ஒரு சான்று கூறுகிறேன். 1970ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் மெஷெடே என்னும் ஊர் மருத்துவமனையில் பெரியம்மை நோயாளி ஒருவரைத் தனியறையில் வைத்திருந்தார்கள். அவரை நேரில் காணாதவர்களுக்கும், மேல் மாடிகளில் படுத்திருந்தவர்களுக்கும் அம்மை கண்டது. பின்னர் அவர் இருந்த அறையில் புகை மூட்டிப் பார்த்தார்கள். அந்தப் புகை நடைவழியாகவும், ஜன்னல் வழியே வெளிச்சுவரை ஒட்டி மேலேறியும் மற்ற அறைகளுக்குள் நுழைந்தது. கதவும் சுவரும் இருந்தும், காற்று தன் வழியைத் தானே தேடிக் கொண்டது.

இனி, எங்கள் பள்ளி முகாமுக்கு வருகிறேன். இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16இல் தொடங்கியது. அதே ஆண்டில் எங்கள் பள்ளியிலும் முகாம் வைத்தார்கள். காத்திருக்க ஓர் அறை, ஊசி போட ஓர் அறை, போட்ட பின் அரை மணி நேரம் அமர்ந்திருக்க ஓர் அறை என மூன்று இடங்கள் வேண்டும் என்பது விதி. ஊசி போடும் அறைக்கு, நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் தம் செலவில் ஒரு தடுப்புச் செய்து கொண்டு வந்தார். மரச்சட்டத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை இறுக்கி, கையை நீட்ட ஒரு துளையும் விட்டிருந்தார். செவிலியர் இந்தப் பக்கம், ஊசி போட்டுக் கொள்பவர் அந்தப் பக்கம். அனைவரும் பாராட்டினோம். நானும் பாராட்டினேன். பெண்கள் ரவிக்கைக் கையை மேலே தூக்க வேண்டியிருப்பதால், வெளியார் கண்ணில் படக்கூடாது என்று ஜன்னல்களையும் சாத்தி வைத்தோம்.

அன்று மாலை என் மனம் அமைதி கொள்ளவில்லை. எட்டாம் வகுப்பில் காற்றைப் பற்றி அறிவியல் ஆசிரியர் நடத்தும் சோதனை நினைவுக்கு வந்தது. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தித் தடுப்பின் ஒரு பக்கத்தில் வைத்தோம். புகை நேராக மேலே சென்றது. தாளின் மேல் விளிம்பைத் தாண்டியது. கையை நீட்டும் துளை வழியாகவும் வந்தது. சிறிது நேரத்தில் செவிலியர் அமரும் நாற்காலியைச் சுற்றிலும் மணம் நிறைந்துவிட்டது. ஜன்னல்கள் சாத்தியிருந்தமையால் அந்த மணம் வெகுநேரம் போகவே இல்லை. எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னல்களைத் திறந்தோம். சற்று நேரத்தில் அறை தெளிந்தது.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். நடுவில் வைக்கும் தாள், எதிரில் இருந்து நேராகத் தெறிக்கும் எச்சில் துளியைத் தடுக்கும். அந்த அளவில் அது பயனுடையதே. ஆனால் மிதக்கும் மூச்சை அது தடுக்காது. அதை நம்பி ஜன்னலைச் சாத்தினால் நன்மையை விடத் தீமையே மிகுதி. முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் கவசமும் அப்படித்தான். கீழும் பக்கமும் திறந்திருப்பதால், மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்துக்கு அது மாற்று ஆகாது. கையுறையும் காற்றுக்குத் தடுப்பு அன்று. ஒவ்வொருவருக்கும் ஊசி போட்ட பின் கையைத் தூய்மை செய்து கொள்வதே அங்கு முக்கியம்.

அவ்வாறாயின் உண்மையான தடுப்பு எது? முதலாவது முகக்கவசம். அதன் வரலாற்றில் நாம் அறிய வேண்டிய ஒரு பெயர் உண்டு. மலாயாவின் பினாங்கில் 1879இல் பிறந்த சீன மருத்துவர் ஊ லியன் தே, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் மூண்டபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. எலியின் தெள்ளுப்பூச்சியால் வரும் நோய் என்றே அன்று மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. இது நுரையீரலைப் பற்றிய நோய். மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்கிறது என்றார் ஊ. மெல்லிய துணியையும் பஞ்சையும் அடுக்கிய முகக்கவசத்தை அனைவரும் அணியச் செய்தார். மெனி என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், இளைஞனாகிய ஒரு சீனன் தமக்குப் பாடம் சொல்வதா என்று இகழ்ந்தார். கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அந்நோய்க்கே அவர் இரையானார். சுமார் 60,000 உயிர்களைக் கொண்ட அந்தக் கொள்ளைநோய் சில மாதங்களில் அடங்கியது. பிறப்பைக் கொண்டு அறிவை எடை போடுபவன் அதற்கு எந்த விலை கொடுக்க நேரிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்று என்95 என்று வழங்கும் கவசம், மிக எளிதில் ஊடுருவக் கூடிய நுண்துகள்களிலும் நூற்றுக்கு 95க்குக் குறையாமல் தடுக்குமாறு செய்யப்பட்டது. ஆனால் அது முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியே போய்விடும். மூக்குக்குக் கீழே இறங்கிய கவசம் தாடைக்குத்தான் காப்பு. நாள் முழுதும் ஊசி போடும் செவிலியருக்கு நல்ல கவசம் கிடைக்கிறதா என்று கேட்பது முகாம் நடத்துபவர்களின் முதற்கடமை.

இரண்டாவது காற்றோட்டம். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வொன்று ஏழைகளாகிய நமக்கு ஆறுதல் தருவது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது அறைக் காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியதாம். இயந்திரக் காற்றோட்டம் கொண்ட தனிமை அறைகளுக்கு விதித்திருந்த அளவோ மணிக்கு 12 முறை. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களே மிகச் சிறந்து விளங்கின. குளிரூட்டிய மண்டபம் இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை. ஓடு வேய்ந்த பழைய பள்ளிக் கட்டடமும், வேப்பமரத்து நிழலும் நம்மிடம் உண்டு.

மூன்றாவது நேரம். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பின்னர் அமர்ந்திருப்பதோ அரை மணி நேரம். முன்னே காத்திருப்பது எவ்வளவு நேரம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு நிமிடத்துக்குத் தடுப்பு வைத்துவிட்டு, அரை மணி நேரம் மூடிய அறையில் ஐம்பது பேரை நெருக்கி உட்கார வைத்தால் என்ன பயன்? எனவே மறுநாள் நாங்கள் ஏற்பாட்டை மாற்றினோம். காத்திருக்கும் இடமும், பின்னர் அமரும் இடமும் மரத்தடிப் பந்தலுக்குப் போயின. ஊசி மேசை தாழ்வாரத்துக்கு வந்தது. காற்று செவிலியர் பக்கமிருந்து வீசிப் போகுமாறு நாற்காலியைத் திருப்பினோம். பெண்களின் மறைவுக்காக, ஒரு பக்கம் மட்டும் பழைய சேலையை ஆளுயரத்துக்குக் கட்டினோம். மேலும் கீழும் காற்றுக்கு வழி விட்டோம். செலவு என்று சொல்ல ஒரு கயிறுதான்.

அன்று நடந்த வேறொன்றையும் நான் சொல்லாமல் விடலாகாது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சார், காலனி ஆட்களை மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். அங்கே வீடுகள் நெருக்கம்; நோயும் அங்கேதான் அதிகம் இருக்கும். கலந்து நின்றால் எல்லோருக்கும் பரவிவிடும்" என்றார். நோய்த் தடுப்பு என்ற பெயரில் கத்தியவாரின் வெப்பமானி எங்கள் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டதை உணர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: ஒரு கணம் நான் தயங்கினேன். முகாம் சச்சரவின்றி நடக்க வேண்டுமே என்ற கவலை. அதற்குள் அருகில் நின்ற கிராம சுகாதாரச் செவிலியர், "டோக்கன் வரிசைப்படிதான் போடுவேன் ஐயா. வேறு வரிசை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டார். வந்தவர் மேற்கொண்டு பேசவில்லை. நான் முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அந்த அம்மையார் ஒரு வரியில் செய்து காட்டினார். என் தயக்கத்தை நினைத்து இன்றும் நாணுகிறேன்.

வீடுகள் நெருக்கமாக இருந்தால் நோய் எளிதில் பரவும் என்பது மெய்யே. ஆனால் நெருக்கமான வீடு பிறவிக் குணமா? இடம் தராததால் வந்த நெருக்கம் அது. அதற்கு மருந்து ஜன்னலும் நல்ல வீடும் முதலில் ஊசியுமே தவிர, தனி நேரமும் தனி வரிசையும் அல்ல. 2020இல் "சமூக இடைவெளி" என்ற சொல் எங்கும் ஒலித்தபோது, நம் பெரியவர்கள் பலர் கசப்போடு சிரித்தார்கள். சமூக இடைவெளியை நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியிருந்ததா? உலக சுகாதார நிறுவனமே அவ்வாண்டு மார்ச்சில் "உடல் இடைவெளி" என்ற சொல்லுக்கு மாறியது. விலக வேண்டியது உடல்கள் மட்டும். அதுவும் நோய் நீங்கும் வரை மட்டும். தேநீர்க் கடையின் தனித் தம்ளரைச் சுத்தம் என்று நியாயப்படுத்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தடுப்பூசி முகாமிலும் ஒருவருக்குப் போட்ட ஊசி மற்றவருக்கு ஆகாது. ஆனால் அங்கே எல்லோருக்கும் தனி ஊசி. தனித் தம்ளர் நமக்கு மட்டும். அறிவியலின் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். சிலருக்கு மட்டும் விதிக்கும் விதி எந்தப் பெயரில் வந்தாலும் அது சாதியே.

அன்பு இளைஞர்களே, கொரோனாப் பெருந்தொற்றின் கடுமை தணிந்துவிட்டது. ஆனால் ஊசி நாள்கள் முடியவில்லை. நம் மாநிலத்தில் புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். தட்டம்மை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பிறந்து ஒன்பது மாதம் முடியும்வரை அதற்கான முதல் ஊசி போடாத கைக்குழந்தைகளும் வேறு ஊசிகளுக்காக அதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். காய்ச்சலும் தடிப்புமாக ஒரு பிள்ளை அவர்களோடு மூடிய அறையில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, இக்கழகத்தின் இளைஞர்கள் ஒவ்வொரு முகாமிலும் ஐந்து பணிகளைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டுகிறேன். கூட்டம் வரும் முன்னே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காத்திருப்போரைத் திறந்த வெளி நிழலில் அமர்த்துங்கள். செவிலியரின் நாற்காலியைக் காற்று வரும் பக்கம் போடுங்கள். காய்ச்சல், இருமல், தடிப்பு உள்ளவரை வாசலிலேயே கேட்டறிந்து, வேறோர் நிழலில் அமர்த்திச் செவிலியரிடம் தெரிவியுங்கள். அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஐந்தாவதாக, வரிசை ஒன்றே என்பதைக் காத்து நில்லுங்கள். முதல் நான்கையும் எவரும் செய்யலாம். ஐந்தாவதைச் செய்யத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தருவதற்காகவே இக்கல்விக் கழகத்தை நம் முன்னோர் தொடங்கினார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் பள்ளி முகாமின் கடைசி நாளில், பல் போன ஒரு மூதாட்டி ஊசிக்குப் பயந்து அழுதார். முகக்கவசம் அணிந்த செவிலியர் அவருடைய கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக் கொண்டு, "ஒன்றும் இல்லை ஆயா, இந்தப் பக்கம் பாருங்கள்" என்றார். தாழ்வாரத்தில் நல்ல காற்று வீசிக் கொண்டிருந்தது. அந்த மூதாட்டி நம் தெருவைச் சேர்ந்தவர். செவிலியர் எந்தத் தெருவோ, நான் கேட்கவில்லை. அந்தக் கத்தியவார் தாய்க்குக் கிடைக்காதது இந்தத் தாய்க்குக் கிடைத்தது. இது எல்லா ஊரிலும், எல்லா முகாமிலும் கிடைக்கும்படி செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

ஜெய்பீம்.